பிளக்கைப் பிடித்திருந்தவள்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகன் வேக்குவம் கிளீனரைத் தரையில் கவிழ்த்துப் போட்டு, தேய்ந்துபோன பெல்ட்டை மாற்றிக்கொண்டிருந்தான். வயர் அவன் முழங்காலுக்கு அடியில் வளைந்து சுவர்வரை போயிருந்தது. பிளக் போர்டிலேயே இருந்தது. நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்துவிட்டார்.

"சுவிட்ச் ஆஃப்லதானம்மா இருக்கு. ஏம்மா இப்படிக் கத்தறே?" என்றான் மகன். பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, அவன் வேலையை முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். கடைசியில் நான் பிடித்திருந்த தோளைத் தடவிக்கொண்டே அவன் எழுந்து போனான்.

அப்போது எனக்கு ஒன்பது வயதிருக்கும். பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பஞ்சாலைக்குப் பின்தெருவில் குடியிருந்தோம். காலையில் துடைத்த ஜன்னல் திண்டில் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம். தம்பிக்கு அந்தப் பஞ்சுத்தூசி ஒத்துக்கொள்ளவில்லை. மூச்சு விடும்போது அவன் நெஞ்சுக்குள் விசில் கேட்கும். வீட்டில் விளக்குமாறே எடுக்கக் கூடாது, பெருக்கினால் தூசி பறக்கும் என்று டாக்டர் சொன்னபிறகு அப்பா ஒரு வேக்குவம் கிளீனர் வாங்கிவந்தார். எங்கள் வீட்டில் அதற்குத் 'தூசி மிசின்' என்று பெயர். தெருவில் வேறு யாரிடமும் இல்லாததால், அது ஓடுவதைப் பார்ப்பதற்கென்றே சிலர் வந்து போனார்கள்.

அந்த வருடம் தம்பியை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆயிற்று. அம்மா அவனோடு இருந்தார். வீட்டுக்கு அனுப்புகிறோம், ஆனால் இன்னொரு தடவை தூசி ஏறினால் தாங்க மாட்டான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவன் திரும்பி வரவேண்டிய நாளில், பூட்டிக் கிடந்த வீட்டைச் சுத்தம் செய்ய அப்பா மிசினை ஓட்டினார். உள்ளே படபடவென்று பொறி தெறித்தது. கருகல் வாடை வந்தது. மிசின் நின்றுவிட்டது.

"கார்பன் போயிருச்சு," என்றார் அப்பா. பம்புசெட் மோட்டார் கம்பெனியில் வேலை பார்த்தவர். ஏதோ தெரிந்தவர் வந்து போன மாதிரிதான் அதைச் சொன்னார். மோட்டாரில் சுழலும் பாகத்தை இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு அதற்குக் கரண்ட் கொடுக்கிற சின்னக் கரிக்கட்டைகள்தான் கார்பன். அவை அடிவரை தேய்ந்திருந்தன. கடைவீதிக்குப் போய்ப் புது ஜோடி வாங்கிவந்தார். அது கொஞ்சம் தடிமன். உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்துத்தான் பொருத்த வேண்டும்.

வெளிச்சத்துக்காக மிசினைப் பின்வாசலுக்குக் கொண்டுபோனார். அதன் நீள வயர் சமையலறை வழியாக முன்னறையில் இருந்த போர்டுவரை வந்தது. கம்பெனியில் மோட்டாரில் கைவைக்கும் முன்னால், கரண்ட் வராமலிருக்க ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்வாராம். வீட்டில் அதற்குப் பதிலாக நான். எதைக் கழற்றினாலும் பிளக்கை என் கையில் கொடுத்துவிடுவார்.

"கண்ணு, இதைக் கையிலயே புடிச்சுக்கோ. நான் வந்து கேட்டாத்தான் குடுக்கோணும். வேற யாரு கேட்டாலும் குடுக்காத."

ஸ்குரூடிரைவரைத் தொட விடாமல் என்னைத் தூரத்தில் நிறுத்த அவர் கண்டுபிடித்த தந்திரம் அது என்றே நினைத்திருந்தேன். சலிப்போடு நின்றேன். கொஞ்ச நேரத்தில் கரண்ட் போயிற்று. மின்விசிறி ஓய்ந்தபின் வீட்டில் உப்புத்தாளின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

அப்போதுதான் மாமா வந்தார், அம்மாவின் தம்பி. ஆஸ்பத்திரியிலிருந்து என் தம்பியை அழைத்துவரக் கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு வாழைத்தாரோடு காரில் வந்திருந்தார்.

"என்ன அம்மணி, பாம்பைப் புடிச்சாட்டம் நிக்கறே? உங்கப்பன் எங்க?"

"பின்னால மிசினைப் பாக்கறாருங்க மாமா."

"இன்னுமா ஊட்டைக் கூட்டலை? பையன் வர நேரமாச்சு. இங்க குடு, சொருகிப் போடறேன்."

"அப்பா குடுக்க வேண்டாமுன்னாருங்க."

"கரண்டே இல்லாதப்ப எதுக்குக் காவலு? இப்பவே சொருகிப் போட்டா, கரண்டு வந்ததும் தானா ஓடும். எங்க தோட்டத்து மோட்டாரு எப்படி ஓடுதுங்கறே?"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கரண்ட் எப்போது வரும் என்று தெரியாத தோட்டக்காரர்கள் ஸ்டார்ட்டரைத் தயாராக விட்டுவிட்டுத்தான் போவார்கள். கரண்ட் வந்த நொடியில் ஆள் இல்லாமலே தண்ணீர் பாயும். மாமாவுக்கு மோட்டார் என்றால் அதுதான்.

அவர் முதலில் போர்டில் சுவிட்சைப் போட்டார். டக்கென்ற அந்தச் சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. பிறகு சிரித்துக்கொண்டே என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். பிளக் அவர் கைக்குப் போய்விட்டது. போர்டின் துளைகளை நோக்கி அவர் குனிந்தபோது, என்ன செய்கிறேன் என்று தெரியாமலே அந்த மணிக்கட்டைக் கடித்தேன்.

"அடிப்பாவி!"

பிளக் கீழே விழுந்தது. அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டு குப்புறப் படுத்துவிட்டேன். மாமா கையை உதறிக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அதன் நடுவே, தலைக்கு மேலே மின்விசிறி கிறீச்சிட்டுச் சுற்றத் தொடங்கியது.

சமையலறை வழியாக அப்பா ஓடிவந்தார். அவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. கையெல்லாம் கரி. மின்விசிறியைப் பார்த்தார். போர்டில் போட்டிருந்த சுவிட்சைப் பார்த்தார். பிறகு தரையில் கிடந்த என்னை.

"மச்சான், உங்க புள்ள கடிச்சுப் போட்டாளுங்க!" என்றார் மாமா.

"மாப்ள, கொஞ்ச நேரம் வெளிய போய் நில்லுங்க," என்றார் அப்பா. அந்த 'ங்க'வை அப்போதும் விடவில்லை. குரல்தான் அவருடையதாக இல்லை. மாமா செருப்பை மாட்டிக்கொண்டார். கரண்ட் வந்த நேரத்தில் அப்பாவின் விரல்கள் மோட்டாருக்குள் ஸ்பிரிங்கை அழுத்திக்கொண்டிருந்தன என்பதைப் பல வருடங்களுக்குப்பின் மாமா சொல்லித்தான் அறிந்தேன்.

அப்பா என்னைத் தூக்கி நிறுத்தி, தோளைப் பிடித்தார். வலித்தது. விடவில்லை. வெகுநேரம் கழித்து, "பிளக்கை இன்னும் கொஞ்சம் புடிச்சுக்கோ," என்று பின்வாசலுக்கே கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். கடைசித் திருகாணி அவர் கையிலிருந்து விழுந்துகொண்டே இருந்தது.

மிசின் ஓடியது. கட்டிலடி, திரைச்சீலை, மெத்தை எல்லாம் சுத்தமாயிற்று. சாயங்காலம் தம்பி அம்மாவின் இடுப்பில் வந்து இறங்கினான். அவன் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டேன். விசில் இல்லை.

அழைக்க வந்தபோதே அம்மாவின் கண்ணில் பட்டிருந்தது மாமாவின் கை. "மாமன் மடியில உக்கார வெச்சுக் காது குத்துன புள்ள, அந்த மாமனையே கடிச்சிருக்கறா பாருங்க!" என்று தலையில் அடித்துக்கொண்டார். மாமா அந்தத் தழும்பைக் காட்டி இன்றும் எல்லா விசேஷங்களிலும் சிரிப்பார். அப்பா ஒருமுறைகூடச் சேர்ந்து சிரித்ததில்லை.

என் மஞ்சள் கவுனின் தோளில் அப்பாவின் ஐந்து விரலும் கரியாகப் பதிந்திருந்தன. அம்மா எத்தனை தேய்த்தும் அது போகவில்லை. பிடித்த கவுன் பாழாகிவிட்டதே என்று அழுதேன். மாமனைக் கடித்ததற்கு அப்பா கொடுத்த தண்டனை அது என்றே வெகுநாள் நினைத்திருந்தேன்.