அவசரம் இல்லை

போன மாதம் ஒரு புதன்கிழமை காலையில், என் தங்கை புருஷன் வீரணன் தன் இடது காலை வெட்டி எடுத்துக்கொள்வதற்காகச் சோழவந்தானிலிருந்து மதுரைக்கு வந்து சேர்ந்தார். ரயிலடியில் இறங்கி, வைகைப் பாலத்தைத் தாண்டி, தல்லாகுளத்தில் இருக்கும் என் வீடு வரைக்கும் நடந்தே வந்தார்.

ஆமாம்... அந்தக் காலாலேயேதான்.

வாசலில் வந்து நின்றார். தோளில், பூவரச மரத்தில் புதிதாகச் செய்த ஊன்றுகட்டை. பின்னால் என் தங்கை பேச்சியம்மா, துணி மூட்டையோடு.

"ஒரு ஜட்கா வச்சுக்கிட்டு வரக் கூடாதா மாப்ள?"

"வேணாம்னுட்டேன் மச்சான். நாளைக்கு நடக்கவா போறேன்? பாலத்து மேல ஒருக்க நடந்துருவோம்னு வந்தேன்."

பேச்சி நேரே உள்ளே போய்த் தண்ணீர் மொண்டு குடித்தாள்.

கதையை ஆரம்பத்திலிருந்து சொல்லிவிடுகிறேன். வீரணனுக்கு வெற்றிலைத் தோட்டம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் அதைக் கொடிக்கால் என்போம். ஐப்பசியில் அங்கே வேலை செய்யும்போது மண்வெட்டி நழுவி முழங்காலுக்குக் கீழே ஆழமாக வெட்டிவிட்டது. மஞ்சளை அப்பிக்கொண்டு மறுபடி வேலைக்குப் போய்விட்டார். எனக்குத் தகவல் வந்தபோது கால் வீங்கிக் கறுத்து, காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்தார். மதுரைக்குக் கொண்டுவந்து ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

அங்கே இருந்த டாக்டர் குண்டூர்ப் பக்கத்துக்காரர். மாற்றலாகி வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. கைராசிக்காரர் என்று பெயர். நோயாளியோடு நடுவில் ஆள் வைத்துப் பேசுவது அவருக்குப் பிடிக்காது. தட்டுத் தடுமாறித் தமிழிலேயே பேசுவார். எனக்கு அவரைப் பிடித்துப் போனதே அதனால்தான்.

முதல் நாளே நேராகச் சொல்லிவிட்டார். "ஒரு வாரம் பார்ப்போம். மருந்துக்குக் கேட்கலைன்னா காலை எடுக்கணும்."

ஒரு வாரம் ஆயிற்று. அன்றைக்கு எங்கள் ஆபீஸில் தணிக்கை. என்னால் போக முடியவில்லை. சாயந்திரம் பேச்சிதான் வந்து சொன்னாள்.

"கட்டப் பிரிச்சுப் பாத்தாருண்ணே. காலை எடுக்க அவசரம் இல்லை, வீட்டுக்குப் போ, தை கழிஞ்சு வந்து காட்டுன்னுட்டாரு."

இதை நீங்கள் எப்படிப் புரிந்துகொள்வீர்கள்? நானும் அப்படித்தான் புரிந்துகொண்டேன். காலை எடுக்கத்தான் வேண்டும். இப்போது வேண்டாம்... தை கழியட்டும்.

ஊருக்குப் போனார்கள். கார்த்திகை போயிற்று, மார்கழி போயிற்று. புண் ஆறிக்கொண்டே வந்தது. பொங்கலுக்கு நான் போனபோது கைத்தடிகூட இல்லாமல் நடமாடிக்கொண்டிருந்தார். எனக்கே சந்தேகம் தட்டியது.

"நல்லா ஆறியிருக்கே மாப்ள?"

"மேலதான் மச்சான் ஆறியிருக்கு. உள்ளுக்குள்ள என்னன்னு டாக்டருக்குத்தான தெரியும்?"

டாக்டர் மேல் அம்புட்டு நம்பிக்கை. கொஞ்சம் குறைவாக நம்பியிருந்தால் மனுஷன் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

ஆனால் அழுதுகொண்டு மூலையில் உட்காரவில்லை. அதைச் சொல்ல வேண்டும். வெற்றிலைக்கொடி அகத்தி மரத்தைப் பிடித்து ஏறுவது. மேலே பறிக்க ஏணி வேண்டும். ஒற்றைக் காலோடு ஏணி ஏற முடியுமா? ஆகவே பேச்சிக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். கொடியைக் கோரையால் எப்படிக் கட்டுவது, எந்த இலையைக் கிள்ளலாம், எதை விட வேண்டும், மண்டியில் எந்தத் தரகன் பேச்சை நம்பலாம், எவனிடம் சிரித்துப் பேசினாலே விலை இறங்கிவிடும்... விடிந்ததும் இரண்டு பேரும் தோட்டத்துக்குள் போனால் வெயில் ஏறித்தான் வெளியே வருவார்கள். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் இவ்வளவு பேசிக்கொண்டு நான் பார்த்ததில்லை.

இப்படியாகத்தான் தை கழிந்து, அந்தப் புதன்கிழமை வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் காலைத் தூக்கிப் பார்த்தார். அமுக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"பாகுந்தி. ரொம்ப நல்லா இருக்கு. நட."

வீரணன் சுவர் வரைக்கும் நடந்து திரும்பினார்.

"சரி, போகலாம்."

வீரணன் போகவில்லை. "எப்பங்கய்யா எடுப்பீக?"

"எதை?"

"காலைத்தாங்கய்யா."

டாக்டர் என்னைப் பார்த்தார். பிறகு அந்த ஊன்றுகட்டையைப் பார்த்தார். "யார் சொன்னாங்க?"

"நீங்கதாங்கய்யா. அவசரம் இல்லை, தை கழிஞ்சு வான்னீக. வந்துட்டோம்."

"அவசரம் இல்லைன்னுதானே சொன்னேன்?"

"ஆமாங்கய்யா. அதான் இம்புட்டு நாளாப் பொறுத்திருந்தோம்."

"அவசரம் இல்லைன்னா ஏன் எடுக்கணும்?"

"அவசரம் இல்லைன்னா மெதுவா எடுக்கலாம்னுதானங்கய்யா அர்த்தம்?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு அப்போதுதான் ஏதோ உறைத்தது.

"டாக்டர், உங்கள் பாஷையில் அவசரம் என்றால் என்ன?"

"அவசரம்னா... அக்கர."

அக்கறையா? அது எங்களுக்கு வேறே. இன்னும் குழம்பிவிடும் போலிருந்தது. அவரும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு தமிழ் வார்த்தையைத் தேடினார். கடைசியில் கிடைத்தது.

"தேவை. காலை எடுக்கத் தேவை இல்லை. அன்னைக்கு அதைத்தான் சொன்னேன். புண் ஆறிடும், ஆறினதும் ஒரு தடவை வந்து காட்டுன்னு சொன்னேன்."

வீரணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு கையாலும் காலைப் பிடித்துக்கொண்டார், யாரோ பறிக்க வந்த மாதிரி. பேச்சி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

டாக்டரும் குனிந்து, தரையில் இருந்தவர் எதிரில் உட்கார்ந்தார். "இத்தனை நாளும் அப்படியா நெனச்சுக்கிட்டு இருந்தே?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, மெதுவாக, "ஸார், இந்த வார்த்தையை நான் எத்தனை பேர்கிட்ட சொல்லியிருப்பேன்?" என்றார்.

அன்றைக்கே கம்பவுண்டரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிய ஆட்களை ஒவ்வொருவராக நினைவுபடுத்திக்கொண்டு, அவர்களுக்குத் தகவல் சொல்லி அனுப்ப ஆரம்பித்துவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். மனுஷன் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

எனக்கு அந்த வார்த்தை மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. எங்கள் ஆபீஸில் புதிதாக வந்திருக்கும் டைப்பிஸ்ட் பாலக்காட்டுக்காரர். அவரைக் கேட்டேன். அவர்கள் ஊரில் அவசரம் என்றால் சந்தர்ப்பம், வாய்ப்பு. "ஓ, அதனாலதானா?" என்று சிரித்தார். வேலைக்குச் சேர வந்த அன்று மேலதிகாரியிடம், "எனக்கு ஒரு அவசரம் கொடுக்கணும்" என்று கேட்டாராம். "அதுக்கென்ன, தினமும் கொடுக்கிறேன்" என்றாராம் அவர். சொன்னபடியே கொடுத்தும் வருகிறார்.

இந்தி வகுப்புக்குப் போகும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் வாய்ப்பு என்றுதான் சொன்னாள். கன்னடத்துக்காரர் ஒருவர் மட்டும் நம் கட்சி. அவருக்கும் அவசரம் அவசரம்தான். எல்லாருக்கும் மூலம் சமஸ்கிருதம். அங்கே அதற்குத் தக்க சமயம், வேளை என்று அர்த்தமாம். ஒரே வேளைதான் எல்லார் வீட்டுக்கும் வந்திருக்கிறது. வேளை வந்தால் மலையாளி அதை வாய்ப்பு என்கிறார். தெலுங்கர், இதில் எனக்கு என்ன தேவை என்று பார்க்கிறார். நாம் என்ன செய்கிறோம்? செருப்பை மாட்டிக்கொண்டு ஓடுகிறோம்.

பாஷை தெரியாவிட்டால் ஆபத்தில்லை. தெரியாது என்பதாவது தெரியும், கேட்டுக்கொள்வோம். தெரிந்த வார்த்தையாக இருந்தால்தான் யாரும் கேட்பதில்லை.

சரி, வீரணன் கதை என்னவாயிற்று என்கிறீர்களா? போன ஞாயிற்றுக்கிழமை சோழவந்தானுக்குப் போயிருந்தேன். கொடிக்காலுக்குள் நல்ல நிழல், ஈர மண் வாசனை. ஏணியின் மேலே பேச்சி. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு வீரணன்.

"என்ன மாப்ள, கால்தான் நல்லா இருக்கே. நீங்க ஏறக் கூடாதா?"

"கேளுங்க மச்சான், நீங்களே கேளுங்க. விட மாட்டேங்கிறா. மண்டிக்குப் போறேன்னாலும் விட மாட்டேங்கிறா."

மேலேயிருந்து குரல் வந்தது. "மண்டிக்கு வரட்டும்ணே, வேணாங்கல. கூடையத் தூக்கிக்கிட்டு வரட்டும். வெலை நான் பேசிக்கிறேன்."

"ஏன் பேச்சி, அவர் பேசினா என்ன?"

"அவரு ரெண்டு தரம் கேப்பாரு, மூணாந்தரம் சரின்னுருவாரு. நான் சரின்னு சொல்றதே இல்லண்ணே. இப்ப தரகனுகளே சரின்னு சொல்லுறாக."

வீரணன் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். முகத்தில் குறை ஒன்றும் தெரியவில்லை. மனைவி கீழே நீட்டிய இலைக்கட்டை இரண்டு கையாலும் பதமாக வாங்கி வைத்தார்.

மாப்பிள்ளைக்குக் கால் கிடைத்துவிட்டது. கொடிக்கால்தான் கையை விட்டுப் போய்விட்டது.