போகும்போது வரும் குழந்தை

அந்தப் பெரிய கடையின் கார் நிறுத்தத்தில் வேலை பார்த்த அவளை எல்லோரும் விசில் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஆனால் அவள் விசில் ஊதி யாரும் கேட்டதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மஞ்சள் மேல்சட்டையோடு ஒரு விசிலையும் கொடுத்தார்கள். கழுத்தில் மாட்டிக்கொண்டு, பின்னோக்கி வந்த ஒரு காரைப் பார்த்து ஆசை தீர ஓர் ஊது ஊதினாள். அந்தக் காருக்குள் அப்போதுதான் கண்ணயர்ந்திருந்த கைக்குழந்தை வீரிட்டு அழுதது. அரை மணி நேரம் அடங்கவில்லை. அதன் அம்மா திட்டவில்லை, சண்டைக்கு வரவில்லை, ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். அன்றோடு விசில் வெறும் கழுத்து நகையாகிவிட்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

அங்கே மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு இடங்கள். வாசலை ஒட்டிய ஆறு இடங்கள் மட்டும் மற்றவற்றைவிட இரண்டு முழம் அகலம் கூடுதல். தரையில் ஒரு பெரிய உருவமும் அதன் கையைப் பிடித்தபடி ஒரு சின்ன உருவமும் வெள்ளைச் சாயத்தில் வரைந்திருக்கும். சிறு குழந்தைகளோடு வருகிறவர்களுக்கான இடம். நூற்றுப் பன்னிரண்டும் அவள் பொறுப்புதான் என்றாலும், அவள் நின்றது இந்த ஆறுக்குப் பக்கத்தில்தான்.

ஏமாற்றுகிறவர்களைக் கண்டுபிடிக்க அவளுக்கென்று ஒரு வழி இருந்தது. குழந்தை இருக்கை உள்ள கார் எது வந்து வேகம் குறைத்தாலும், குனிந்து ஒரே ஒரு கேள்வி கேட்பாள். "வண்டியில குழந்தை இருக்கா?" உண்மையாகவே குழந்தையோடு வந்தவர்களின் கண் தானாகப் பின்னால் போகும். பதில் சொல்வதற்கு முன்பே போகும். இல்லாதவர்களின் கண் நேராக அவள் முகத்துக்கு வரும், கூடவே ஒரு சிரிப்பும் வரும். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் கடைசியில் இருக்கும் நாலாவது வரிசையைக் கை காட்டிவிடுவாள்.

"நானும் எங்கம்மாவுக்குக் குழந்தைதான்க்கா" என்றான் ஒருவன்.

"அப்ப அம்மாவக் கூட்டிட்டு வா, விடறேன்."

மூன்று வருடமாக இந்தக் கேள்வி தன்னை ஏமாற்றியதே இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

அந்த இரண்டு முழம் எதற்கு என்று யாரும் அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. இருபத்தாறு வயதில் ஒரு பேக்கரிக்கு வேன் ஓட்டினாள். வீட்டில் ஐந்து மாதக் குழந்தை. கணவருக்கு லிப்ட் பழுது பார்க்கும் வேலை. எந்தக் கட்டடத்தில் எவன் மாட்டிக்கொண்டாலும் ஓட வேண்டும். குழந்தையை விட்டுவிட்டு வர ஆளில்லை. பக்கத்து இருக்கையில் ஒரு கூடையைக் கட்டி, அதில் மகளைப் படுக்க வைத்து ஊரெல்லாம் ரொட்டி இறக்கினாள். ஒரு நாள் கணக்கு எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் இரண்டு பக்கமும் இரண்டு வண்டிகளை ஒட்டி நிறுத்திவிட்டுப் போய்விட்டார்கள். எந்தக் கதவும் ஒரு சாணுக்கு மேல் திறக்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ரொட்டித் தட்டுகளுக்கு நடுவே தவழ்ந்து போய், பின் கதவைக் காலால் உதைத்துத் திறந்து இறங்கினாள். குழந்தையின் தலையெல்லாம் ரொட்டித் தூள். "இந்த ரொட்டி என்ன விலைம்மா?" என்று கடைக்காரர் கேட்டார். அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு வேனுக்குள் போய் உட்கார்ந்து அழுதாள்.

அந்த மகள் இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். ஆனால் யாராவது பச்சைக் குழந்தையைக் காரிலிருந்து எடுக்கும்போது, கதவு முழுதாகத் திறந்து நிற்பதை விசில் அக்கா இன்றைக்கும் ஒரு கணம் நின்று பார்ப்பாள்.

ஒரு திங்கட்கிழமை மதியம் கடை மேனேஜர் கீழே இறங்கி வந்தார். அவளைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆட்கள் இருந்தால் அவரை சார் என்பாள், இல்லாவிட்டால் தம்பி.

"அக்கா, ஒரு விஷயம். இந்த ஆறு இடத்தையும் டெலிவரி வேனுக்கு விடலாமான்னு மேலிடத்துல கேக்கறாங்க. போன்ல ஆர்டர் குடுக்கறவங்க ஏறிட்டாங்கல்ல."

"குழந்தைங்க குறைஞ்சிடுச்சா தம்பி?"

"அதத்தான் பாக்கறாங்க. இந்த வாரம் அஞ்சு நாளும் பதினோரு மணிக்கு மாடி ஜன்னல்லேர்ந்து ஒரு போட்டோ. ஆறு இடம், அஞ்சு நாள், முப்பது. அதுல பாதியாவது நிரம்பியிருந்தா விட்டுடுவாங்க. இல்லன்னா எடுத்துடுவாங்க. இன்னைக்கு எடுத்தாச்சு."

"எத்தனை?"

"ஒண்ணு." அவர் தயங்கினார். "நீங்க ரொம்ப சரியா பாக்கறீங்கக்கா. அதான் காலியா கெடக்கு. உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது, தள்ளுவண்டி அடுக்கற பக்கம் போட்டுடலாம்."

அவளுக்குச் சுருக்கென்றது. தள்ளுவண்டி அடுக்குவதில் அவளுக்குக் கௌரவக் குறைச்சல் இல்லை. காவல் காத்த இடம், காத்ததாலேயே கைவிட்டுப் போகிறதே என்பதுதான். கைக்குழந்தைக்காரர்கள் கடை திறந்ததும் வந்து பத்தரைக்குள் போய்விடுவார்கள். மறுபடி கூட்டம் வருவது நாலு மணிக்கு. பதினோரு மணி என்பது குழந்தைகள் தூங்கும் நேரம். அது மாடி ஜன்னலுக்குத் தெரியுமா?

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு இரண்டு கார்கள் இருந்தன. அன்று சாயங்காலம் வீட்டில் விஷயத்தைச் சொன்னாள்.

"இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்றார் கணவர், கையிலிருந்த எண்ணெய்க் கறையைத் துடைத்தபடி. "பத்தே முக்காலுக்கு வர்றவனையெல்லாம் உள்ள விடு. பதினொண்ணு அஞ்சுக்கு வெளிய தள்ளு. போட்டோ எடுக்கறவனுக்குக் கார்தான தெரியும், காருக்குள்ள இருக்கறதா தெரியும்?"

"அது பித்தலாட்டங்க."

"லிப்ட்டுக்கு சோதனை பாக்க வர்றப்ப மட்டும் நாங்க லைட்டு போடறதில்லையா?"

"அதான் நான் மாடிப்படி ஏறிப் போறேன்."

அவர் சிரித்துவிட்டார். அவளுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஆளைப் பார்த்துப் பொய்யைக் கண்டுபிடிக்கிறவள் என்று பெயர் எடுத்தாயிற்று, இனிமேல் பொய்யைப் பார்த்துக் கதவைத் திறந்துவிட வேண்டுமா?

புதன்கிழமை பத்தரை மணிக்கு, தினமும் வரும் சாம்பல் நிறக் கார் வந்தது. ஓட்டுகிறவர் எழுபதை நெருங்கிய பெரியவர். பின்னால் பளிச்சென்று ஒரு குழந்தை இருக்கை, எப்போதும் காலி. வழக்கம்போல வேகம் குறைத்தார். வழக்கம்போல அவள் குனிந்தாள்.

"வண்டியில குழந்தை இருக்கா ஐயா?"

"இல்லம்மா."

கை காட்டினாள். அவரும் கடைசி வரிசைக்கு ஓட்டிக்கொண்டு போனார். பதினோரு மணிக்கு அன்றைக்கும் இரண்டுதான்.

பதினொன்றே முக்கால் இருக்கும். கடைசி வரிசையில் யாரோ ஒரு தள்ளுவண்டியை வழியில் விட்டுவிட்டுப் போய்விட்டதாகச் சொன்னார்கள். எடுக்கப் போனாள். அங்கே சாம்பல் நிறக் காருக்கும் ஒரு சரக்கு வேனுக்கும் நடுவே பெரியவர் பக்கவாட்டில் நின்றுகொண்டிருந்தார். தோளில் மூன்று வயதுப் பெண் குழந்தை, வாயைத் திறந்தபடி நல்ல தூக்கம். கார்க் கதவு ஒரு சாணுக்கு மேல் திறக்கவில்லை. குழந்தையின் தலை இடிக்காமல் இருக்கத் தன் கையைக் கதவின் விளிம்பில் வைத்துக்கொண்டு, காலை முதலில் நுழைப்பதா தலையை முதலில் நுழைப்பதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கையின் மேல் கதவு பட்ட பழைய காயங்கள் இரண்டு மூன்று தெரிந்தன.

அவள் தள்ளுவண்டியை மறந்துவிட்டாள். "பின் கதவத் திறங்க ஐயா" என்றாள். குழந்தையை வாங்கிக்கொண்டு, காரின் பின்பக்கம் முழங்காலிட்டு ஏறி, சாய்ந்த இருக்கைக்கு மேலாகக் குனிந்து, தூக்கம் கலையாமல் உட்கார வைத்து வார் மாட்டினாள். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் பழகிய முழங்கால்கள் மறக்கவில்லை.

"பேத்தியா?"

"மக வயித்துப் பேத்தி. எதிர்த்தாப்புல மழலையர் பள்ளி இருக்கில்ல, பதினொன்றரைக்கு விடுவாங்க. அந்தத் தெருவுல வண்டி நிறுத்த முடியாது. இங்க விட்டுட்டு, சாமான வாங்கி வச்சிட்டு, நடந்து போய்க் கூட்டிட்டு வருவேன். வர்ற வழியிலேயே தோள்ல தூங்கிடுவா."

"தினமுமா? ஒரு நாள்கூட எங்கிட்ட சொல்லலையே நீங்க?"

"நீங்க வண்டியில குழந்தை இருக்கான்னு கேட்டீங்க. இல்ல. இல்லன்னேன்." அவர் குற்றம் சொல்கிற குரலில் சொல்லவில்லை. "நாப்பது வருஷம் அச்சகத்துல பிழை திருத்தினேன்மா. இருக்கறதுக்கு மேல ஒரு எழுத்து சேக்கற பழக்கம் இல்ல."

அவள் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தாள். பொய் சொன்னவர்களெல்லாம் முகம் முகமாக அவளுக்கு ஞாபகம் இருந்தார்கள். "இல்ல" என்று உண்மையைச் சொல்லிவிட்டுக் கடைசி வரிசைக்குப் போனவர்களில் இவரைத் தவிர ஒருவர் முகமும் நினைவுக்கு வரவில்லை. எத்தனை பேரோ. வருகிற வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றவள், போகிற வண்டியை ஒரு நாளும் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை கேள்வியை மாற்றினாள். வண்டியில் குழந்தை இருக்கிறதா என்று கேட்டு, இல்லை என்றால் இன்னொன்றும் கேட்டாள்.

"போகும்போது குழந்தை வருமா?"

ஆஸ்பத்திரிச் சீருடையில் வந்த ஒரு பெண் சட்டென்று தலை தூக்கினாள். "வரும்க்கா. எதிர்ப் பள்ளியில ரெட்டைப் பசங்க. போன மாசம் நீங்கதான் என்னை நாலாவது வரிசைக்கு..."

"தெரியாமப் பண்ணிட்டேம்மா. இங்க போடு."

ஆனால் இந்தக் கேள்வியில் கண் பின்னால் போகாது. யார் உண்மை, யார் பொய் என்று அவளுக்குத் தெரியவில்லை. நம்ப வேண்டியிருந்தது. அது அவளுக்குப் புது வேலை. ஓர் இளைஞன், குழந்தை இருக்கை உள்ள காரில் வந்தவன், "வரும்க்கா" என்றான். விட்டாள். அரை மணி கழித்து இரண்டு பெட்டி குளிர்பானத்தோடு வந்து, அவற்றைக் குழந்தை இருக்கையில் வைத்தான். அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"புள்ளைக்கு வார் மாட்டலையா?"

அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். நிஜமாகவே வாரை இழுத்து மாட்டினான்.

"ரெட்டைக் குழந்தையா? பாலுக்கு அழப்போகுது, சீக்கிரம் வீடு போய்ச் சேரு."

அன்றைய படத்தில் நான்கு கார்கள். ஒன்று, இரண்டு, இரண்டு, நான்கு. ஒன்பது. அந்த நாலில் ஒன்று குளிர்பானக்காரனுடையது என்பது அவளுக்கு உறுத்தியது, ஆனால் நம்பி விட்டது விட்டதுதான். பதினைந்துக்கு வெள்ளிக்கிழமை ஆறும் நிரம்ப வேண்டும்.

வெள்ளிக்கிழமை பத்து ஐம்பத்தைந்துக்கு ஐந்து நிரம்பியிருந்தன. பிழை திருத்துபவர் இரண்டாவது இடத்தில். ஆஸ்பத்திரிப் பெண் நாலாவதில். கைக்குழந்தையோடு வந்து அப்போதுதான் உள்ளே போன ஒருத்தி கடைசியில். ஐந்தாவது இடம் மட்டும் காலி. மாடி ஜன்னலில் யாரோ வந்து நின்றார்கள்.

அப்போது நேற்றைய குளிர்பானக்காரன் வந்தான். கண்ணாடியை இறக்கினான்.  இன்றைக்கும் ஒரு பொய் சொல்லித் தொலையேன் என்று ஒரு கணம் அவளே நினைத்தாள்.

"போகும்போது குழந்தை வருமா?"

"வராதுக்கா" என்றான் அவன், வெட்கத்தோடு. "நேத்து நீங்க கேட்ட கேள்வியில வீட்டுக்குப் போற வரைக்கும் சிரிப்பு. என் பொண்டாட்டி ரெண்டு நாள் கழிச்சுத்தான் ஊர்லேர்ந்து பாப்பாவோட வர்றா. நான் நாலாவது வரிசைக்கே போறேன்."

கையைத் தூக்க வேண்டும். எந்தப் பக்கம் காட்டினாலும் போவான். ஐந்தாவது இடம் நாலடியில் இருந்தது. அதன் தரையில் இருந்த சின்ன உருவத்துக்குக் கால் பாதி அழிந்து போயிருந்ததை அவள் அன்றைக்குத்தான் கவனித்தாள்.

நாலாவது வரிசையைக் காட்டினாள்.

மதியம் மேனேஜர் வந்தார். "பதினாலுக்கா. ஒண்ணே ஒண்ணு."

"தெரியும் தம்பி. நானும் எண்ணிட்டுதான் இருந்தேன்."

"நான் ஜன்னல்லதான் நின்னேன். ஒருத்தன் வந்தானே, விட்டிருக்கலாமே."

"அவன்கிட்ட குழந்தை இல்ல." பிறகு கேட்டாள். "தம்பி, பதினொண்ணுக்கு அஞ்சு நாள் பாத்தீங்க. பதினொண்ணே முக்காலுக்கு ஒரு நாள் வந்து பாக்கறீங்களா? இன்னைக்கு எல்லாரும் போயிட்டாங்க. திங்கக்கிழமை வாங்க."

அவர் திங்கட்கிழமை வந்தார். கால் மணி நேரம் அவள் பக்கத்தில் நின்றார். காலி இருக்கையோடு வந்த நான்கு கார்களில் ஐந்து குழந்தைகள் ஏறிப் போவதைப் பார்த்தார். மேலிடத்துக்குச் சொல்ல மாடிக்குப் போனார்.

மேலிடத்தில் அவர் சொன்னதை முழுதாக ஏற்கவில்லை. மூன்று இடத்தை வேன்களுக்கு எடுத்துக்கொண்டார்கள். மூன்று மிஞ்சியது. எந்த மூன்று என்று அவளிடமே கேட்டார் மேனேஜர். சுவரை ஒட்டிய மூன்றைச் சொன்னாள். சாயம் அடிக்க வந்தவரை நிற்க வைத்து, அந்த மூன்று சின்ன உருவங்களுக்கும் காலைச் சரியாகப் போட்டு வாங்கினாள்.

அடுத்த வாரம் பத்தரைக்குச் சாம்பல் நிறக் கார் வந்தபோது, மூன்றில் ஒன்று காலியாக இருந்தது. அவள் குனியவில்லை. கையை மட்டும் காட்டினாள். பெரியவர் கண்ணாடியை இறக்கினார்.

"குழந்தை இல்லையேம்மா இப்ப."

"தெரியும் ஐயா. போடுங்க."

பதினொன்றே முக்காலுக்கு அவர் பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். கதவு முழுதாகத் திறந்தது. அந்தக் கதவு பக்கத்து இடத்துக்கு வர வேண்டிய ஒரு டெலிவரி வேனை மறித்தது. ஓட்டுநர் ஹாரனில் கை வைக்கப் போனான். விசில் அக்கா ஒரு விரலைத் தூக்கினாள்.

"எவ்வளவு நேரம்க்கா?"

"புள்ள தூங்குது. அந்தக் கதவு மூடற வரைக்கும்."

அவன் இன்ஜினை அணைத்தான். பெரியவர் அவசரப்படாமல், ஒவ்வொரு வாராக எடுத்து, சரிபார்த்து மாட்டினார்.