ஜமீலா அக்கா வீட்டு டெஸ்ட் பட்டன்

சோலார் போடுகிறவனுக்கு மேலே காய்கிற வெயிலைவிட, கீழே தரைக்குக் கசிகிற கரண்ட்தான் பெரிய கவலை. என்னைப் போல மொட்டைமாடியில் உள்ளங்கால் பொசுங்கியவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. இனிச் சொல்வதெல்லாம் மயிலாப்பூரில் ஒரே வீட்டில் நான் பட்டது.

வண்டி நிற்கிற இடம்

ஜமீலா அக்காவின் வீட்டுக்காரருக்கு ஷார்ஜாவில் வேலை. இங்கே அக்கா மட்டும்தான். பேனல் சட்டத்துக்கு ஒன்று, இன்வெர்ட்டருக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று என்று எர்த் குழி தனித்தனியாக வேண்டும். குழி வெட்டும் மணி அண்ணன், "இன்னா நைனா, தென்னங்கன்னு நடப் போறியா?" என்று கேட்டுக்கொண்டே, சந்தில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த பைக்கைத் தள்ளப் போனார். டயரில் காற்றே இல்லை. அக்கா வாசலுக்கு ஓடி வந்தார்.

"வேற எங்க வேணா வெட்டுங்கண்ணே. அது அவங்க நிறுத்திட்டுப் போன இடம்."

மாதம் ஒருமுறை

வேலை முடிந்ததும், ஹாலில் மாட்டிய கசிவு பிரேக்கரைக் காட்டி விளக்கினேன். எங்கேயாவது கரண்ட் கசிந்தால் இது தானாக விழுந்து லைனை வெட்டிவிடும்; நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்க்க மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்த வேண்டும்; விழுந்தால் திரும்பத் தூக்கிவிட்டால் போதும். வழக்கமாக இந்த இடத்தில் எல்லோரும் தலையாட்டிவிட்டுக் காபி வேண்டுமா என்று கேட்பார்கள். இந்த அக்கா என் பேச்சை முழுசாகக் கேட்டார். விழுந்தால் சோலாரும் நிற்குமா என்றார். நிற்கும், உங்கள் வீட்டுக்கார அண்ணன் போனில் இருக்கிற சோலார் ஆப்பிலும் கரண்டைக் காட்டுகிற கோடு சட்டென்று கீழே இறங்கும் என்றேன்.

"ஷார்ஜாவுல இருந்தே தெரியுமா?"

பழி அணில் மேல்

அப்புறம் அடிக்கடி பிரேக்கர் விழுந்தது. அண்ணன் கூப்பிடும்போதெல்லாம் ஆதம்பாக்கத்திலிருந்து போய் நின்றேன். ஒயரைப் பிரித்தேன், பெட்டியைத் திறந்தேன், மீட்டர் வைத்து அளந்தேன். ஒரு கசிவும் இல்லை. முதலில் மழையைச் சொன்னேன், பிறகு அணிலைச் சொன்னேன். அண்ணனுக்குப் பொறுமை போய்விட்டது. பிரேக்கரை எடுத்துவிட்டு நேராக லைன் கொடுக்கச் சொன்னார். நம் தொழிலில் இதைச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் நாளைக்கு நிஜமாகவே கசிந்தால், ஈரக்கையோடு மோட்டார் சுவிட்சைத் தொடப்போவது அக்காதானே? ஒரு வாரம் டைம் கேட்டேன்.

"அதுக்கப்புறம் விழுந்தா வேற ஆள வெச்சுக் கழட்டிருவேன் தம்பி."

டக்

அந்த வாரம் மாடியில் தேடி அலுத்து இறங்கிக்கொண்டிருந்தேன். ஹாலில் 'டக்' என்று சத்தம். எட்டிப் பார்த்தால் அக்கா ஸ்டூல் மேல் நிற்கிறார். ஒரு விரல் டெஸ்ட் பட்டனில். இன்னொரு கையில் போன். கொஞ்ச நேரத்தில் அது அடித்தது. "திரும்பவும் நின்னுருச்சா?" என்று அண்ணன் கத்துவது படி வரைக்கும் கேட்டது. அக்கா சுவரில் சாய்ந்துகொண்டு மெதுவாக, "ஆமா. சாப்பிட்டீங்களா?" என்றார்.

அப்போதுதான் என்னைப் பார்த்தார். போனை என்னிடம் நீட்டினார்.

"கசிவு எதுவும் இல்லண்ணே," என்றேன். "டெஸ்ட் பட்டன அழுத்தினதாலதான் விழுந்துச்சு. தயவுசெஞ்சு கழட்டிராதீங்க."

"யாரு அழுத்துனா?"

"அக்காதான்."

பிறகு, "அவகிட்ட குடுங்க தம்பி," என்றார். குரல் இறங்கியிருந்தது.

போனைக் கொடுத்துவிட்டு, மாதம் ஒருமுறை அழுத்தினால் போதும்க்கா என்று தரையைப் பார்த்துச் சொன்னேன். அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டார்.

"மாசத்துக்கு ஒரு தடவைதானா தம்பி?"

ஆகவே, மாடி ஏறும் சகோதரர்களே, 'கோளாறு ஒன்றும் இல்லை' என்று நாம் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிற வீடுகளில் ஒரு கோளாறும் இல்லை என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்.