கறுப்புக் கொப்பியில் எழுதிய பயணம்

கண் டொக்டர் சொன்னது இவ்வளவுதான்: இந்த வருசம் முடியும்வரை ஓரளவு தெரியும், அதற்குப் பிறகு சொல்ல முடியாது. வெள்ளவத்தை வீட்டுக்குத் திரும்பி வந்து செருப்பைக் கழற்றியபடியே என் கணவர், "எனக்கு ஒரு நீர்வீழ்ச்சி பாக்கவேணும்" என்றார். முப்பது வருசம் துறைமுகத்தில் வேலை செய்து, கடலை மட்டுமே பார்த்த மனிசன். காட்டுக்குள்ளே, மரங்களுக்கு நடுவில் தண்ணீர் விழுவதைக் கண் இருக்கும்போதே பார்க்கவேண்டுமாம். எனக்கு அழுகை முட்டியது. அழாமல், "அட்டை கடிக்கும்" என்றேன்.

திட்டம் போடுவது என் தலையில் விழுந்தது. எங்கள் வீட்டில் எந்த வேலையும் அப்படித்தான். அவர், நான், மகள், கொட்டாஞ்சேனையில் இருக்கும் அக்கா, அத்தான் என்று ஐந்து பேர். இரத்தினபுரிப் பக்கம், வாடகை வான் போய் நிற்கும் இடத்திலிருந்து காட்டுக்குள் அரை மணித்தியால நடை. சனிக்கிழமை விடிய ஐந்து மணிக்கு வெளிக்கிட்டால் இருட்டுமுன் திரும்பலாம். அட்டைக்குப் பூசச் சவர்க்காரம் மகளின் பொறுப்பு, இடியப்பமும் சம்பலும் அக்காவின் பொறுப்பு. குறை சொல்வது அத்தானின் பொறுப்பு. "கண் தெரியாத ஆளை வழுக்குப் பாறையில கூட்டிக்கொண்டு போகப் போறியோ?" என்று முதல் நாளே தொடங்கிவிட்டார்.

பயணத்துக்கு முன் பூசை ஒப்புக்கொடுப்பது எங்கள் வழக்கம். வெள்ளவத்தைக்கு வந்து எத்தனையோ வருசமாகியும் அதற்கு நான் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் கோயிலுக்குத்தான் போவேன். அங்கே பங்குச் சுவாமியின் கந்தோர் மேசையில் இரண்டு கொப்பிகள் இருக்கும். பிறந்தநாள், பள்ளிச் சோதனை, பயணம் எல்லாம் நீலக் கொப்பியில். இறந்தவர்கள் கறுப்புக் கொப்பியில். யாருக்காகப் பூசையோ அவர்களின் பெயர்களை எழுதவேண்டும். ஒப்புக்கொடுப்பவர் ஓரத்தில் கையெழுத்து மட்டும் வைப்பார், அதை வாசிக்கமாட்டார்கள். நான் நான்கு பெயர்களை எழுதிக் கையெழுத்தும் வைத்துவிட்டு பஸ் பிடித்தேன்.

ஞாயிறு பூசையில் ஐந்து பேரும் ஒரே வாங்கில் இருந்தோம். ஊருக்குப் புதிதாக வந்த சுவாமி, "ஆன்ம இளைப்பாற்றிக்காக" என்று தொடங்கி யார் யாரோ பெயர்களை வாசித்தார். பிறகு என் கணவரின் பெயரை, முதலெழுத்தோடு வாசித்தார். மகளின் பெயர். அக்கா. அத்தான். அவ்வளவுதான், அடுத்த மன்றாட்டுக்குப் போய்விட்டார். அம்மா, அப்பா, தம்பி, மாமி என்று இத்தனை வருசமாக நான் எழுதியதெல்லாம் கறுப்புக் கொப்பியில்தான். என் பாழாய்ப்போன கை பழக்கத்தில் அதையே திறந்திருக்கிறது.

கோயில் வாசலில், எனக்குத் தெரிந்த மனுசி ஒருத்தி ஓடிவந்து என் கையைப் பிடித்து, "ஐயோ, எப்ப நடந்தது?" என்றாள். பக்கத்தில் நின்ற என் கணவரை அவள் பார்க்கவேயில்லை. நான் பிழையை விளக்கினேன். யாரும் சிரிக்கவில்லை. அத்தான்கூட ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

அன்று மத்தியானம் கணவரும் மகளும் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டு பேரும் தலையைக் குனிந்து சத்தமில்லாமல் சாப்பிட்டார்கள். மற்ற அறையில் ஃபோன் அடித்தது. திரையில் அக்காவின் பெயரைக் கண்டதும் எடுக்கக் கை வரவில்லை. இறந்தவள் கதைக்கப்போகிறாள் என்றே நினைத்தேன். கடைசியில் எடுத்தால், அக்காவுக்கு முழங்கால் வலியாம். அடுத்த நாள் அத்தானுக்கு மழைப் பயம். மகளுக்கு லீவு கிடைக்கவில்லையாம். கொப்பியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

வியாழக்கிழமை பின்னேரம் நானும் சொல்லிவிட்டேன். "இந்தப் பயணம் வேண்டாமப்பா. எனக்குப் பயமா இருக்கு."

அவர் என் முகம் இருக்கும் திசையைக் கணித்துத் திரும்பினார். "எனக்கும் பயம்தான். ஆனா பாறைக்கு இல்லை. சுவாமி எங்கட பேரை வாசிக்கக்குள்ள, அடுத்தது உன்ட பேர் வரும் வரும் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான். வரேல்ல. நாங்க நாலு பேரும் ஒண்டா இருப்பம். நீ தனிய என்ன செய்வாய்?"

எழும்பி அடுப்படிக்குப் போனேன். இரவுச் சமையலைச் செய்தேன்.

வெள்ளிக்கிழமை காலை கொட்டாஞ்சேனைக்குப் போனேன். நீலக் கொப்பியில் பயணத்துக்காக நான்கு பெயர்களையும் ஒழுங்காக எழுதினேன். பிறகு கறுப்புக் கொப்பியைத் திறந்து போன ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தை எடுத்தேன். அத்தானின் பெயருக்குக் கீழே ஒரு வரி வெறுமையாக இருந்தது. அதில் என் பெயரை எழுதினேன்.

வாசலுக்கு வந்து அக்காவுக்கு ஃபோன் எடுத்து, "நாளைக்கு விடிய அஞ்சு மணி. இடியப்பத்தை அஞ்சு பேருக்கும் காணுறமாதிரி அவி" என்றேன்.