படத்தின் கீழே இருந்த வரி

எங்கள் கத்தோலிக்கக் கோவில் பங்கின் வாட்ஸ்அப் குழுவை ஐந்து வருடங்கள் நான்தான் நடத்தினேன். மன்னார்த் தீவில், தலைமன்னார் வீதியோரம் இருக்கும் கடற்கரைப் பங்கு அது. நான் பாலர் பாடசாலை ஆசிரியை. பங்குச் சபைக்குச் செயலாளர். ஆண்கள் கடலில், பிள்ளைகளில் பாதிப்பேர் வெளிநாட்டில். ஞாயிறு பூசையில் வாசிக்கும் அறிவித்தல் எத்தனை பேரைப் போய்ச் சேரும்? "நீங்கள் பொறுப்பெடுங்கோ ரீச்சர்" என்று பங்குக் குருவான சுவாமி என்னிடம் ஒப்படைத்தார்.

முதலில் பூசை நேரமும், செபமாலை எந்த வீட்டில் என்பதும்தான் போட்டேன். பிறகு ஆட்களின் கதைகளையும் சேர்த்தேன். பூசை முடிந்து வருகிற ஒருவரைக் கோவில் மதிலோரம் இருத்தி, அவர் சொல்வதைப் பதிவு செய்து போடுவேன். போரில் இடம்பெயர்ந்தபோது அந்தோனியார் சுரூபத்தைச் சாக்கில் சுற்றிக்கொண்டு போனதை ஒரு அம்மா சொன்னார். அவர் இறந்த பிறகு கனடாவில் இருக்கும் மகன், அந்தக் குரலைத் தினமும் கேட்பதாக எனக்கு எழுதினான். சனம் என்னைப் பாராட்டியது. எனக்கும் தலை கொஞ்சம் கனத்துவிட்டது. பங்கில் எது நடந்தாலும் அது என் கையால்தான் முதலில் போகவேண்டும் என்று நினைக்கத் தொடங்கினேன்.

அன்று காலை பத்து மணியிருக்கும். துறையிலிருந்து என் தம்பி அழைத்தான். காற்றில் ஒரு படகு கவிழ்ந்து, எங்கள் பங்கு மனிதர் ஒருவர் இறந்துவிட்டார். பிரேதத்தை மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள் என்றான். அவரை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் வீட்டிலிருந்து எட்டு வீடு தள்ளித்தான் இருந்தார். இரண்டு பெண் பிள்ளைகள்.

நான் அழுதேன். அழுதுகொண்டே ஃபோனில் அவருடைய படத்தைத் தேடினேன். திருவிழாவில் வெள்ளைச் சேட்டுப் போட்டுச் சுரூபம் தூக்கி வந்தபோது நானே எடுத்த படம். அதன் கீழே, கடலில் மரித்த எமது சகோதரரின் ஆன்ம இளைப்பாற்றிக்காகச் செபிப்போம் என்று எழுதி அனுப்பினேன். தம்பி அழைத்துப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அவருடைய மனைவியும் அந்தக் குழுவில் இருக்கிறாள் என்பது எனக்கு நினைவு வரவேயில்லை.

அவள் அப்போது மன்னார் ரவுணில் பிள்ளைகளுக்குச் சப்பாத்து வாங்கிக்கொண்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தாள்.

செத்த வீட்டில் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. துக்கத்தில் இருப்பவள், யாரைத்தான் பார்ப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அவளுக்குச் செய்தி எப்படிப் போனது என்று பெண்கள் தங்களுக்குள் பேசியது என் காதில் விழுந்தது.

முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு அவள் வீட்டுக்குப் போனேன். கதிரையை இழுத்துப் போட்டு "இருங்கோ அக்கா" என்றாள். மன்னிப்புக் கேட்டேன். அவள் மெதுவாகச் சொன்னாள்.

"ஃபோன் சத்தம் கேட்டு எடுத்துப் பாத்தனான். அவரின்ர படம். கண்ணாடி கொண்டு போகேல்லை, எழுத்துத் தெரியேல்லை. திருவிழாப் படம்தானே, அவரைப் பற்றி ஏதோ நல்லதாப் போட்டிருக்கிறியள் எண்டு சிரிச்சனான். பக்கத்திலை எருக்கலம்பிட்டி ஊர் அக்கா ஒராள் இருந்தவ. ஆரெண்டு தெரியாது. 'இவர் என்ர மனுசன், என்ன எழுதியிருக்கெண்டு வாசிச்சுச் சொல்லுங்கோ' எண்டு குடுத்தனான்."

"வாசிச்சவவா?"

"தனக்குள்ளை வாசிச்சா. பிறகு ஃபோனை மடியிலை கவிட்டு வைச்சிட்டு, 'தங்கச்சி, நாங்கள் இதிலை இறங்குவம்' எண்டா. இறக்கி, ஒரு மரத்துக்குக் கீழை இருத்தி, என்ர ரெண்டு கையையும் பிடிச்சுக்கொண்டுதான் சொன்னவ. ஓட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்கும் அவதான் கூட்டிக்கொண்டு போனவ. எங்கட ஆக்கள் வருமட்டும் என்னை விட்டிட்டுப் போகேல்லை."

அவள் தொடர்ந்தாள்.

"நான் சிரிச்சனான் அக்கா. அவர் செத்துப் போனார், நான் பஸ்ஸுக்குள்ளை இருந்து சிரிச்சுக்கொண்டு வந்திருக்கிறன். அதுதான் எனக்கு ஆறுதில்லை. நீங்கள் முதல்லை எங்கட வீட்டுக்கு வந்திருக்கலாம்."

வந்திருந்தாலும் நீ வீட்டில் இல்லையே என்று என் வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன். அவள் எங்கே என்று தேட எனக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் உண்மை.

பங்குச் சபை கூடியபோது, பொறுப்பை விட்டுவிடப்போகிறேன் என்று சொன்னேன். சுவாமி, "விடுறது லேசு ரீச்சர். என்ன நடந்ததெண்டு முதல்லை சனத்துக்குச் சொல்லுங்கோ" என்றார். அவளிடம் போய்ச் சம்மதம் கேட்டேன்.

"சொல்லுங்கோ. நான் சிரிச்சதையும் சொல்லுங்கோ" என்றாள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிவில் மைக்கின் முன் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். எத்தனையோ பேரின் கதைகளை வாங்கிப் போட்டவள், என் கதையைச் சொல்லிமுடிக்கத் தண்ணீர் கேட்டேன். அன்றே முடிவெடுத்தோம். சாவுச் செய்தியை இரண்டு பேர் நடந்துபோய் வீட்டாரிடம் சொல்லவேண்டும். அவர்கள் சரி என்ற பிறகுதான் கோவில் மணி, அதன் பிறகுதான் குழு. குழுவை இப்போது வேறொருவர் பார்க்கிறார்; நடந்துபோகும் இரண்டு பேரில் ஒருத்தி நான். இதுவரை நான்கு வீட்டுப் படலைகளைத் திறந்து போயிருக்கிறேன். என்னைக் கண்டவுடனே ஆட்களின் முகம் வெளிறிவிடுகிறது.

அவள் அந்த வருடமே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அரிப்பு ஊரில் இருக்கும் தமக்கையிடம் போய்விட்டாள். குழுவிலிருந்தும் விலகினாள். போனமாதம் மன்னார் பஸ் நிலையத்தில் கண்டேன். என் அம்மாவின் கால் வருத்தம் எப்படி என்று விசாரித்தாள். மூத்தவள் சாதாரணதரப் பரீட்சை எழுதப்போகிறாளாம். கையில் பட்டன் ஃபோன் வைத்திருந்தாள். அவளுடைய பஸ் வந்தது. எங்கள் பக்கத்தில் எல்லோரும் "போட்டு வாறன்", போய்விட்டு வருகிறேன், என்றுதான் விடைபெறுவார்கள்.

"போறன் அக்கா" என்று சொல்லிவிட்டு ஏறினாள்.