மைக் மேசையில் காதில் விழுந்தவை

ஆராதனையில் எல்லாரும் பீடத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். மைக் மேசையைத் திரும்பிப் பார்த்தார்கள் என்றால் ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தம். எந்தச் சபையிலாவது வயரும் கையுமாக விழித்துக்கொண்டிருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எண்பதுகளில் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு தமிழ்ச் சபையில் நானும் அப்படி மாட்டிக்கொண்டவள்.

தகுதி

எனக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை. செந்தூல் ரயில் பட்டறையில் எலக்ட்ரிஷியனாக இருந்த ஜெயசீலன் அண்ணன்தான் அப்போது சபையின் மைக், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் தனியாளாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிறு என்னிடம் வந்து, உதவிக்கு வர முடியுமா என்று கேட்டார். நம்பர் கேட்டு லைன் கொடுப்பதோடு என் வேலை முடிந்தது, வயருக்குள் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது என்றேன். அவர் ஹெட்போனை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "தெரியாததே நல்லதும்மா. தெரிஞ்சவங்க எல்லாம் என்னோட சண்டை போட்டுட்டுப் போயிட்டாங்க."

யார் பக்கத்தில்?

ஒரு ஞாயிறு பாஸ்டர் கண்களை மூடி, "ஆண்டவரே, எங்கள் அருகில் இரும்" என்று ஜெபித்துவிட்டு ஒரு கணம் நிறுத்தினார். அந்த அமைதியில் ஸ்பீக்கரிலிருந்து ஓர் ஆண் குரல் மலாயில் கேட்டது: "பிரிக்ஃபீல்ட்ஸ், சியாப்பா டெக்காட்?" யார் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்று ஏதோ ஒரு டாக்சி கம்பெனி தன் டிரைவர்களைக் கேட்கிறது. எங்கள் மைக் வயர் அதை எப்படியோ பிடித்து உள்ளே கொண்டுவந்துவிட்டது.

ஜெயசீலன் அண்ணன் வயரைப் பிடுங்க ஓடினார். எனக்கோ பயத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். ரோட்டில் பேசும் குரல் இவ்வளவு பெரிய சுவரைத் தாண்டி ஒரு வயருக்குள் எப்படி வந்து உட்காருகிறது? மறுநாள் அண்ணன் வயரின் முனையைப் பிரித்து, மேலே சுற்றியிருக்கும் கம்பி வலை விட்டுப்போயிருந்ததைக் காட்டினார். அந்த வலைதான் வெளிச் சத்தத்தைத் தடுக்குமாம். அன்று ஆராதனை முடிந்து நான் வெட்கத்தோடு நின்றபோது, ரவாங்கிலிருந்து வரும் டாக்சிக்காரர் தேவசகாயம் அங்கிள் மட்டும் என்னிடம் வந்தார். "அது என் கம்பெனி இல்லம்மா. என் கம்பெனியா இருந்திருந்தா அப்பவே எழுந்து போயிருப்பேன் லா."

சுவரில் இருந்தது

பிறகு ஓவர்ஹெட் புரொஜெக்டர் வந்தது. பாட்டு வரிகளை பிளாஸ்டிக் தாளில் எழுதி, அதைச் சுவரில் பெரிதாகக் காட்டுவது என் வேலை. ஒரு தடவை அவசரத்தில் 'உமது கரம்' என்பதற்கு 'உமது காரம்' என்று எழுதிவிட்டேன். எல்லாருக்கும் மனப்பாடமான பாட்டு. கட்டாயம் சரியாகத்தான் பாடுவார்கள் என்று நம்பினேன். அந்த வரி வந்த மூன்று தடவையும் சபை முழுக்கக் கணீரென்று காரத்தைத்தான் பாடியது. இத்தனை வருடம் பாடிய பாட்டாச்சே, எப்படி ஆன்டி என்று பாடகர் குழு ரெபேக்கா ஆன்டியிடம் கேட்டேன். அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "சுவத்துல இருந்துச்சு, பாடினோம்."

மூன்றாவது பெஞ்ச்

ஆராதனையை கேசட்டில் பதிந்து நோயாளிகளுக்குக் கொடுத்தனுப்புவோம். திரும்பி வரும் கேசட்டில் அடுத்த வாரத்தைப் பதிவோம். ஒரு நாள் சலோமி ஆன்டி வந்து பழைய கேசட் ஒன்று கேட்டார். அவர் கணவர் இறந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. கொடுத்தேன். அடுத்த வாரம், "இது இல்லம்மா, வேற இருக்கா?" என்றார். மூன்றாவது வாரமும் அதையே கேட்டபோது, எந்தப் பிரசங்கம் வேண்டும் என்று நானே கேட்டுவிட்டேன்.

"பிரசங்கம் எதுவா இருந்தாலும் பரவாயில்ல. எங்க அங்கிள் இருமுறது எதுலயாவது இருக்கான்னு பார்க்கிறேன். வீட்டுல போட்டோ இருக்கு, குரல் இல்ல."

மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து அங்கிள் இருமுவார், ஆன்டி கடிந்துகொள்வார். பதிவைக் கெடுக்கிறாரே என்று ஹெட்போனுக்குள் நானும் எரிச்சல்பட்டிருக்கிறேன். அந்த இருமலின் மேல்தான் வாராவாரம் புதிதாகப் பதிந்துவந்தேன். மறைக்காமல் ஆன்டியிடம் சொன்னேன்.

அலமாரியில் பதினொரு பழைய கேசட்டுகள் மிஞ்சியிருந்தன. மத்தியான சாப்பாட்டு நேரங்களில் ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஒன்பதாவதில், அறிவிப்புகளுக்கும் பிரசங்கத்துக்கும் நடுவில், மூன்றாவது பெஞ்சுக்கு மேலே தொங்கும் பாடகர் குழு மைக்கை நான் மூட மறந்திருந்தேன். முதலில் இரண்டு இருமல். பிறகு ஓர் ஆண் குரல், "தண்ணி?" ஒரு பெண் குரல், "பையில இருக்கு. மெதுவா குடிங்க."

அடுத்த ஞாயிறு ஆன்டியை என் நாற்காலியில் உட்காரவைத்து ஹெட்போனை மாட்டிவிட்டேன். கேட்டுவிட்டு, இன்னொரு தடவை என்று விரலால் காட்டினார். மூன்று தடவை கேட்டார். அழுதுவிடுவாரோ என்று பயந்து நின்றேன். அவர் ஹெட்போனை மெதுவாகக் கழற்றி மேசையில் வைத்தார். "நல்லவேளை, அன்னைக்கு நான் அவரைத் திட்டல."

பதினாறு வருடம் அந்த மேசையில் உட்கார்ந்து, பிரசங்கத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நான் கவனமாகக் கேட்டிருக்கிறேன்.