அறுபத்து மூன்றில் முதலாவது

1,412. பல் துலக்கும் பிரஷ் வாயில் இருக்கும்போதே இடது கையால் செல்பேசியைத் திறந்து அவர் பார்க்கும் முதல் எண் இது. நேற்று 1,409. பதினோரு ஆண்டுகளுக்கு முன் அவர் எழுதிய கட்டுரையை உலகின் எங்கோ மூன்று பேர் தங்கள் கட்டுரைகளில் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள்.

"என்ன, ஸ்கோர் ஏறிச்சா?" குளியலறைக் கதவுக்கு வெளியே கணவர். பல் மருத்துவர்.

"மூணு."

"நேத்து நாலு பல்லு புடுங்கினேன். ஒருத்தரும் மேற்கோள் காட்டலை."

மனைவிக்கு நாற்பத்தெட்டு வயது, வேலை சிறுநீரக ஆராய்ச்சி. ஆய்வகத்தில் அவருக்கென ஒரு நாற்காலி உண்டு. அதில் உட்கார்ந்திருப்பது அவருடைய வெள்ளைக் கோட்டு மட்டும்தான். நின்றுகொண்டு படிப்பார், நடந்துகொண்டே சாப்பிடுவார், பேனா மூடிகளைக் கடித்துத் தட்டையாக்குவார். ஓயாமல் ஓடுவதாலும் ஓயாமல் எண்ணுவதாலும் வாய்த்த பட்டப்பெயர், 'மீட்டர் மேடம்'. மற்றவர்களின் எண்களும் அத்துப்படி. கருத்தரங்கில் டீக்கு வரிசையில் நிற்கும்போது முன்னால் நிற்பவரைக் கண்ணால் காட்டி, "தொள்ளாயிரம். அதுல பாதி அவரே அவரைச் சொல்லிக்கிட்டது" என்பார்.

அவருடைய கட்டுரைகள் மொத்தம் அறுபத்து மூன்று. பட்டியலின் முதல் வரியில் இருக்கும் அந்த ஒன்றுக்குத்தான் 1,412. மற்ற அறுபத்திரண்டையும் கூட்டினாலும் அதைத் தொடாது. சிறுநீரக உயிரணுக்கள் தடித்துப் போவதை ஒரு மருந்து தடுக்கிறது என்று சொல்லும் கட்டுரை. அதை நம்பித்தான் மூன்றாவது முறையாகப் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்திருக்கிறார். தேர்வுக் குழு வியாழக்கிழமை கூடுகிறது.

சங்கடம், உயிரணுக் குப்பிகளை உறைய வைத்துக் காக்கும் உறைகலத்திலிருந்து கிளம்பியது. இருபது ஆண்டுகளாக அங்கே வேலை பார்க்கும் டெக்னீஷியன், எல்லோருக்கும் 'அண்ணன்', கலத்தைச் சுத்தம் செய்யும்போது பழைய குப்பிகளை எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பினார். அந்தக் கட்டுரைக்குப் பயன்பட்ட குப்பியில் இருப்பது சிறுநீரக உயிரணு இல்லை, சிறுநீர்ப்பைப் புற்றுநோய் உயிரணு என்று முடிவு வந்தது.

எப்படி என்று மேடத்துக்கு உடனே தெரிந்துவிட்டது. அந்த ஆண்டு ஒரே அவசரம். இரண்டு வகை உயிரணுக்களுக்கும் ஒரே பாட்டிலிலிருந்து ஊட்டத் திரவம் எடுத்தார். முதல் நாளே செய்யக் கூடாது என்று சொல்லித் தரப்படும் காரியம். ஒரு சொட்டு தவறிப் போனால் போதும். வேகமாகப் பெருகும் புற்றுநோய் உயிரணு சில வாரங்களில் மற்றதை விழுங்கிவிடும். மேலே ஒட்டிய லேபிள் மட்டும் அப்படியே இருக்கும்.

கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை அன்றே எழுதிவிட்டார். அனுப்பவில்லை. தினமும் திறந்து ஒரு காற்புள்ளியை எடுப்பார், மறுநாள் திரும்ப வைப்பார்.

"மேடம், ஒம்பது நாள் ஆச்சு" என்றார் அண்ணன், திங்கட்கிழமை காலை.

"வியாழன் தாண்டட்டும்ணே."

"தாண்டிட்டா நீங்க பேராசிரியர். அப்புறம் அந்தப் பேராசிரியரம்மாகிட்ட யாரு போய்ச் சொல்றது? என்னால ஆகாது."

மேடம் தாழ்வாரத்துக்குப் போய்விட்டார். பதினொரு மணிக்கு ஒரு மின்னஞ்சல். எங்கோ ஒரு ஆய்வகத்திலிருந்து, அறிமுகமில்லாத ஆராய்ச்சியாளர்: 'உங்கள் சோதனையை இரண்டு ஆண்டுகளாகச் செய்து பார்க்கிறேன். நீங்கள் கண்ட விளைவு எனக்கு ஒரு முறைகூட வரவில்லை. என் கையில் என்ன பிழை என்று சொல்ல முடியுமா?'

தாழ்வாரத்தின் கோடிவரை நடந்தார், திரும்பி வந்தார். மறுபடி நடந்தார். உள்ளே வந்து, நாற்காலியிலிருந்து கோட்டை எடுத்துக் கொக்கியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தார்.

அண்ணன் துடைத்துக்கொண்டிருந்த குப்பியைக் கீழே வைத்தார். "உடம்புக்கு எதாவது பண்ணுதாம்மா?"

"ஒண்ணுமில்லண்ணே. அந்த ரிசல்ட்டை எனக்கு இன்னொரு தடவை அனுப்புங்க."

'பிழை உங்கள் கையில் இல்லை' என்று முதல் பதிலைத் தொடங்கினார். அது போன பிறகு பத்திரிகைக்கான கடிதம் போனது. அதன் நகல் தேர்வுக் குழுவின் செயலருக்கு. பிறகு தன் பட்டியலைத் திறந்து முதல் வரியை அழித்தார்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் குழு கூடுகிறது. அதன் முன் அறுபத்திரண்டு கட்டுரைகள் இருக்கும்.